கடற்பாசி மாத்திரை

என் அத்தையிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய், ஒரு குடம் நீர் சேந்திக்கொண்டு திரும்பி வந்தால், பதில் அப்போதுதான் புறப்பட்டுக்கொண்டிருக்கும். எனக்கு எட்டு வயது நடந்த அந்த ஆண்டில் எங்கள் வீட்டார் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்ததற்காகப் பின்னாளில் ஒவ்வொருவரும் தனித்தனியே வருந்தியும் இருக்கிறோம்.

எங்கள் தோட்டம் பெருந்துறைக்குத் தெற்கே இருந்தது. பைக்காராவிலிருந்து கோயமுத்தூர் மில்களுக்கு மின்சாரம் வந்திருந்த புதிது; எங்கள் கிணற்றிலோ இன்னும் மாடுகள்தான் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்துக்கொண்டிருந்தன. அத்தை என் தந்தையாருக்கு ஒரே தங்கை. பவானிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் அவருடைய மாமியார் அவரை வண்டியில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். வெயில் தாளாமல் வண்டி மாடுகள் நுரை தள்ளிக்கொண்டு நின்றன. அத்தையோ பவானி ஜமக்காளம் ஒன்றைத் தோளோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, மார்கழிக் குளிரில் இருப்பவரைப் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கோடுபோட்ட அந்தச் சிவப்பு ஜமக்காளம் அவருடைய கலியாணச் சீரில் வந்தது; விருந்தினர் உட்கார்வதற்காக நெய்யப்பட்டது. அதைப் போர்வையாக நான் கண்டது அன்றுதான்.

"இந்தாங்க தம்பி, உங்க தங்கச்சி," என்றார் மாமியார், வண்டியை விட்டு இறங்காமலே. "சோம்பேறித்தனத்துக்கு எங்க ஊட்டுல மருந்து இல்லீங்க. அடுப்புக்கு முன்னால உட்காந்தா உட்காந்த எடத்துலயே தூங்குது. பாலு பொங்கி அடுப்பே அணஞ்சுபோச்சு, இது அசையக் காணோம்."

என் தந்தையார், "உடம்புக்கு ஏதாச்சு இருக்குமுங்க," என்றார்.

"ஒடம்புக்கு என்னுங்க? மொகத்தப் பாருங்க, பூசணிக்காயாட்ட இருக்குது. தை பொறக்கட்டும். அதுக்குள்ள எந்திரிச்சு நடமாடுச்சுன்னா கூட்டிக்கிட்டுப் போறோம். இல்லாட்டி எந்தம்பி மவ ஒருத்தி கண்ணாலத்துக்கு நிக்கறா. எம்பையனுக்கு அவளக் கட்டி வெச்சுப்போடுவேன், ஆமா."

அத்தை வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். அந்தச் சொல் உருவாகி உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் வண்டி தோட்டத்து வளைவைத் தாண்டிவிட்டது.

இங்கே என் மாமாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் அந்த வண்டியில் வரவில்லை. தாயின் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசி அறியாதவர். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டு, வைத்தியர்கள் கைவிட்டபோது, அத்தை பழனியாண்டவரை நினைத்து, இந்த உயிரைத் திருப்பிக் கொடுத்தால் இனி என் நாவில் கவிச்சி படாது என்று வேண்டிக்கொண்டார். உயிர் திரும்பியது, கவிச்சி நின்றது. நோம்பி, பண்டிகை நாட்களில் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி கொதிக்கும்போது அத்தை தம் வட்டிலை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்த் தயிர்ச்சோறு உண்பார். கறிச்சட்டியில் இட்ட கரண்டி தம் சோற்றுப் பக்கம் வந்தாலும் ஒப்பமாட்டார்.

அவருக்கு மிகப் பிரியமான உணவு ஒன்று இருந்தது. அது கருப்பட்டி. அன்று வண்டியிலிருந்து இறங்கியவருக்கு என் தாயார் ஒரு கட்டி உடைத்துக் கொடுத்தார். அந்த நாள் முழுவதிலும் அத்தையின் கை விரைவாக நீண்டது அதற்கு ஒன்றுக்குத்தான்.

வந்த சில வாரங்களில் எங்கள் ஊரும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. "அண்ணன் ஊட்டுச் சோறு ஒட்டிக்கிச்சு," என்றார்கள் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள். உண்மையில் அத்தை உண்டது ஒரு கைப்பிடிதான். இமைகள் தடித்துத் தொங்கின. புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்துவிட்டிருந்தது. தோல் உலர்ந்து, சொறிந்த இடம் வெள்ளைக் கோடாக நின்றது. குரல் மட்டும் பெருத்து, பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. நாங்கள் திருநீறு பூசினோம், சுக்குக் கஷாயம் கொடுத்தோம், வேப்பிலை அடித்தோம். வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் உறங்கிப்போனார். அதற்கும் சிரித்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், தலை வாரச் சீப்பை எடுத்தவர் அதைக் கூந்தலில் செருகியபடியே அரை நாழிகை அமர்ந்திருந்தார். அதைக் கண்ட என் தந்தையார் சிரிக்கவில்லை. மறுவாரமே அத்தையையும், துணைக்கு என்னையும் இரயிலேற்றிக் கோயமுத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்களைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். தெற்குச் சீமையைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி. வெள்ளைச் சேலை, ஆண்பிள்ளைகள் கட்டுவது போன்ற பெரிய கைக்கடிகாரம். அத்தையின் பெயரைக் கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். என் தந்தையார் முந்திக்கொண்டு சொல்ல வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். அத்தையின் பதிலுக்காக ஒருவர் காத்திருந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பெயர் மெல்ல வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் டாக்டரம்மா தலையை அசைத்துக்கொண்டு எழுந்தார்.

அத்தையை ஒரு நாற்காலியின் மேல் முழந்தாளிட வைத்து, குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பில் இரப்பர்ச் சுத்தியால் தட்டினார். பாதம் சட்டென்று உதைத்தது. ஆனால் திரும்பி வருவதற்கு வெகுவாக யோசித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா என்னையும் ஏற்றித் தட்டினார். என் பாதம் போன வேகத்திலேயே திரும்பியது.

"பாத்தியா? உனக்கும் அவங்களுக்கும் அதுதான் வித்தியாசம்," என்றார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, தம் கழுத்தின் கீழ்ப்பகுதியைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு சுரப்பி இருக்கும்மா, பட்டாம்பூச்சி மாதிரி. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்றது அதுதான். அது உனக்குச் சரியா வேலை செய்யலை. சோம்பேறி நீ இல்லை. அதுதான் சோம்பேறி."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்துக் கண்ணீர் வந்தது, அதுவும் தாமதமாகத்தான்.

டாக்டரம்மா என் தந்தையாரைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். நான் அவருடைய துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"தினமும் ஒரு மாத்திரை. முதல்ல பாதி, அப்புறம் மெதுவா ஏத்தணும். நெஞ்சு படபடத்தாலோ கை நடுங்கினாலோ உடனே கூட்டிட்டு வாங்க, அளவைக் குறைக்கணும். நல்லாயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. சோறு வெந்திடுச்சேன்னு நாளைக்கு விறகு வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஆயுசுக்கும் சாப்பிடணும்."

"சரிங்க."

"ஒரு விஷயம். இது ஆட்டுக் கழுத்துல இருக்கிற இதே சுரப்பியை உலர்த்தி அரைச்ச மாத்திரை."

என் தந்தையார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடியும் தோளில் போட்டார். "தங்கச்சி கவிச்சி தொடறதில்லீங்களே. சாமிக்குச் சொன்னதுங்க. இன்னதுன்னு சொன்னா வாயத் தெறக்காதுங்க."

"என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்," என்றார் டாக்டரம்மா. பிறகு, "கேக்கலைன்னா நானா போய்ச் சொல்லப்போறதும் இல்லை," என்றார்.

ஆகையால் அத்தை கேட்டுவிடாதபடி என் தந்தையார் அவரை அவசர அவசரமாக வெளியே அழைத்து வந்தார். அதற்கு முன் டாக்டரம்மா புட்டியை என் கையில் கொடுத்தார். அத்தைக்கு மறதி அதிகம் என்பதால், காலைதோறும் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, கொடுத்த நாளுக்குச் சுவரில் ஒரு கரிக்கோடு போடும் பொறுப்பு என்னுடையதாயிற்று. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

இரயிலில் அத்தை, "என்ன மருந்துங்கண்ணா அது?" என்று கேட்டார். இரண்டு ஸ்டேஷன் கடந்த பின் கேட்டதால் என் தந்தையாருக்கு ஆயத்தம் செய்துகொள்ள அவகாசம் இருந்தது.

"கடற்பாசி," என்றார்.

பொய் சொல்லிப் பழகாதவர் பொய்யை அப்படியே விட்டுவிடமாட்டார். மேலும் மேலும் கட்டிக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்து என் தாயாரிடம் சொல்லும்போது அது ஆனைமலைக் காட்டில் கிடைக்கும் ஒரு வேராகியிருந்தது.

"இரயில்ல கடலுன்னீங்களாமா, இப்ப மலைங்கறீங்க," என்றார் என் தாயார்.

"ரெண்டையும் கலந்துதா அரைக்கறாங்க," என்றார் தந்தையார். அத்தை ஜமக்காளத்துக்குள்ளிருந்து சிரித்தார். உண்மை தெரிந்தவர்கள் தந்தையாரும் நானும் மட்டும்தான் என்று நான் எண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதென்றால், முதல் சில நாட்கள் அத்தை ஆட்டைப்போல் கத்துவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டும் இருந்தேன்.

மாத்திரையின் கசப்புக்காக என் தாயார் நாள்தோறும் ஒரு துண்டுக் கருப்பட்டி வைப்பார். அத்தை முதல் நாளிலிருந்தே அதை என் வாயில் போட்டுவிடுவார். "மாத்தர குடுக்கற அம்மிணிக்குக் கூலி," என்பார். உத்தியோகத்துக்கு ஊதியமும் சேர்ந்தது.

ஆவணி கழிந்து புரட்டாசி வந்தது. முதலில் இமை வடிந்தது. பிறகு குரல் பானையை விட்டு வெளியே வந்தது. ஒரு நாள் காலையில் ஜமக்காளம் மடித்துப் பெட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அத்தை என் தாயாருக்கு முன்பே எழுந்து மோர் கடைந்துகொண்டிருந்தார். என் தாயாரை அவர் நங்கை என்று அழைப்பார். கொங்கு நாட்டில் அண்ணன் மனைவிக்கு அதுதான் முறை. "ஏனுங் நங்கை, இத்தன நேரமாத் தூங்கறீங்க?" என்று அவர் கேட்டபோது, என் தாயார் அந்த ஏளனத்தைக் கேட்டு மகிழ்ந்ததைப் போல் வேறு எதற்கும் மகிழ்ந்ததை நான் கண்டதில்லை.

இந்த நிலையில்தான் ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. எங்கள் ஊர் முருகன் கோயிலில் பூசை செய்யும் பண்டாரம், சிறுவர் சிறுமியரை உட்கார வைத்து வேண்டுதலைப் பற்றிப் பேசினார். சொன்ன சொல்லை மீறினால் ஆண்டவர் கோபிக்கமாட்டார், கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான் என்று முடித்தார். மற்றப் பிள்ளைகள் சுண்டலுக்குக் கை நீட்டினார்கள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பழனியாண்டவர் அத்தைக்குக் கொடுத்தது மாமாவின் உயிர். கவிச்சியை நாள்தோறும் காலையில் எடுத்துக் கொடுப்பவள் நான். சுவரில் அறுபதுக்கும் மேல் கரிக்கோடுகள் இருந்தன. அவ்வளவு முறை நான் மாமாவைக் கொன்றிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லமுடியாது. சொன்னால் தந்தையாரின் கடற்பாசி வெளிப்பட்டுவிடும். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் ஏற்பாடு செய்தேன். பொட்டுக்கடலையை அம்மியில் நுணுக்கி, துளி நீரில் பிசைந்து, மாத்திரை அளவுக்குத் தட்டி, பரண்மேல் உலர்த்தினேன். நிறம் ஏறக்குறைய ஒத்திருந்தது. உண்மை மாத்திரைகளை எறிந்துவிட மனம் வரவில்லை. அடுக்குப்பானையில் கொள்ளுக்கு அடியில் புட்டியோடு புதைத்தேன். நாள்தோறும் பொட்டுக்கடலையைக் கொடுத்தேன். நாள்தோறும் கரிக்கோடு போட்டேன். நாள்தோறும் கூலியும் பெற்றுக்கொண்டேன். பழனியாண்டவரையும் டாக்டரம்மாவையும் ஒருங்கே திருப்திப்படுத்திவிட்டதாக நினைத்தேன்.

இருபது நாட்களுக்குமேல் ஆகியிருக்கும். மழைக்குப் பின் வெயில் சுள்ளென்று அடித்த ஒரு பகலில், பள்ளியிலிருந்து திரும்பிய நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பெட்டியின் மேலிருந்த ஜமக்காளம் அத்தையின் தோளுக்கு வந்திருந்தது. என் தாயார் என்னவோ கேட்டார். பதில் வரவில்லை, பிறகு வந்தது. தை மாதத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று என் தந்தையார் அன்று மாலை என் தாயாரிடம் தாழ்ந்த குரலில் கேட்டதும் என் காதில் விழுந்தது. நான் உண்மை மாத்திரையைக் கொடுத்தால் மாமா இறந்துவிடுவார். கொடுக்காவிட்டால் அத்தைக்கு மாமா இல்லாமல் போய்விடுவார். எட்டு வயதில் இதற்கு நான் அழுதேனே தவிர வழி காணவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் மாத்திரையை நீட்டினேன். அத்தை அதை விழுங்காமல் மென்றார்.

"அம்மிணி, இங்க வாங்க," என்றார், மெல்ல. "பொட்டுக்கல்ல இன்னிக்கு நல்லா வறுபட்டிருக்குது. நேத்தைக்குக் கொஞ்சம் நமுத்துப்போச்சு."

நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நெச மாத்தர எங்க சாமி?"

கொள்ளுப்பானையைக் காட்டினேன். காட்டும்போதே அழுகை வெடித்துவிட்டது. "வேண்டாமுங்கத்தை. அது கடற்பாசி இல்லீங்க. ஆடுங்க. தின்னீங்கன்னா மாமாவைச் சாமி எடுத்துக்குமுங்க."

அத்தை என்னைப் பிடித்து ஜமக்காளத்துக்குள் இழுத்துக்கொண்டார். கம்பளி இல்லாத வெறும் நூல். ஆயினும் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

"ஆறு வருசம் தொடாத நாக்குங்க கண்ணு. அதுக்குத்தா வாடை மொதல்ல தெரியும். இரயில்ல உங்கப்பா கடலுங்கறாரு, ஊட்டுக்கு வந்ததும் மலைங்கறாரு. மொத நாளு வாயில வெச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏனுங்கத்தை தின்னீங்க?"

அவருக்கு அப்போது பதில் தாமதமாக வந்தது நோயினால்தானா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை. "நீங்க கல்லமாவு குடுத்ததும் மொத நாளே தெரியும். ஒருவேள நோவு இதுலயே நின்னுக்கட்டும்னு சாமி நெனைக்குதோ என்னமோன்னு நானும் பாத்தனுங்க. நிக்கல." பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டு, "உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. எங்கண்ணன் எம்பொருட்டு அத்தன பொய்யி சொல்லியிருக்குது. அது வீணாப் போயிரக்கூடாது," என்றார்.

"சாமி?"

"சாமிகிட்ட வேற பேசி முடிச்சாச்சு. அது மாமாவை ஒண்ணும் பண்ணாது. போயி மாத்தரைய எடுத்துக்கிட்டு வாங்க."

கொள்ளுக்கு அடியிலிருந்து புட்டியை எடுத்து வந்தேன். அத்தை மாத்திரையை விழுங்கினார். வழக்கம்போல் கருப்பட்டியை என் வாயில் போட்டார். அழுகையோடு தின்ற கருப்பட்டி சற்று உப்பாக இருந்தது. ஆயினும் நான் துப்பவில்லை.

ஆண்டவரோடு ஒருவர் எப்படிப் பேசி முடிப்பார் என்று சில நாட்கள் வியந்தேன். நிலத்தகராற்றை என் தந்தையார் பேசி முடிப்பதைப் போல இருக்கும் என்று கருதி, அத்தையின் திறமையில் பெருமை கொண்டேன். பிறகு மறந்துவிட்டேன். மார்கழியில் ஜமக்காளம் மறுபடியும் பெட்டிக்கு ஏறியது. அந்தக் குளிரில் நாங்கள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, அத்தை மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் பெருக்கினார்.

தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் வண்டி வந்தது. இம்முறை ஓட்டி வந்தவர் மாமா. மாமியார் பின்னால் அமர்ந்திருந்தார். வண்டி நிற்கும் முன்னரே மாமா உள்ளே பார்த்து அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முன்பெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய ஏக்கம் அந்தக் குரலில் இருந்தது.

"வாரேனுங்க!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மாமா மாட்டின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். "கூப்பிட்ட வாயி மூடறதுக்குள்ள வருதேம்மா," என்றார் தம் தாயாரிடம்.

மாமியார் ஒரு பகல் முழுவதும் அத்தையை உற்று நோக்கினார். அத்தை மாவாட்டினார், நீர் சேந்தினார், கேட்டவற்றுக்கெல்லாம் கேட்டவுடனே பதில் சொன்னார்; கேளாத சிலவற்றுக்கும் சொன்னார். இறுதியில் அந்த அம்மாள் என் தாயாரிடம், "சோம்பேறித்தனம் போயிருச்சு, செரி. இப்ப வாயி நீண்டுபோச்சுங்களே. அதுக்கு மாத்தர இல்லீங்களா?" என்றார். அதுதான் அவருடைய சம்மதம். அந்தத் தம்பி மகளைப் பற்றிய பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

புறப்படும்போது புட்டியை மாமாவின் கையில் ஒப்படைத்தேன். காலையில் ஒன்று, கரிக்கோடு ஒன்று, நெஞ்சு படபடத்தால் டாக்டரம்மா, நன்றாகிவிட்டதென்று நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மாவின் விறகுக் கதையையும் சேர்த்து ஒப்பித்தேன். மாமா, "செரிங்க அம்மிணி," என்று மேலதிகாரியிடம் சொல்வதுபோல் சொன்னார். என் தாயார் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி கட்டி அத்தையிடம் கொடுத்தார். வண்டி நகரும்போது அத்தை அதை அப்படியே என் கையில் வைத்துவிட்டார்.

அதன்பின் அத்தை தம் வீட்டில் பிள்ளைகள் பெற்று, நெடுங்காலம் அந்த மாத்திரையை விடாமல் உண்டு வாழ்ந்தார். மாமாவும் வாழ்ந்தார். என் கலியாணத்தின்போது பந்தியில் அத்தைக்கு லட்டு வைக்கப் போனேன். பக்கத்தில் இருந்த மாமா, "அதுக்கு வெக்காதீங்க அம்மிணி. இனிப்புத் தொட்டுப் பத்து வருசம் ஆச்சு. மாத்தர திங்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து தொடறதில்ல. ஏன்னு கேட்டா சொல்லாது," என்றார். அத்தை என்னைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மோர் கொண்டுவரச் சொன்னார்.

கவிச்சிக்கு ஈடாக ஆண்டவரிடம் அத்தை எதை வைத்துப் பேசி முடித்தார் என்பது லட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. எட்டு வயதில் அது விளங்கவில்லை. அன்று வண்டி வளைவைத் தாண்டியதும், அந்தக் கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் அமர்ந்து, என்மேல் அத்தைக்கு எவ்வளவு பிரியம் என்று எண்ணியபடி, பழனியாண்டவருக்கு உரியதை நான் ஒவ்வொரு கட்டியாகத் தின்று தீர்த்தேன். மிகவும் இனிப்பாகத்தான் இருந்தது.